பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பக்கம் பிரிந்து வரும் விதம்

முந்நூறு பக்கங்கள் கொண்ட ஒரு பிடிஎஃப் கோப்பின் அளவு 40 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரே ஒரு பக்கத்தைப் பிரித்துத் தனிக்கோப்பாகச் சேமிக்கிறோம். அந்தப் பக்கத்தில் இருப்பது இருபது வரி எழுத்து மட்டுமே. ஆனால் புதிய கோப்பின் அளவைப் பார்த்தால் 38 மெகாபைட் என்று காட்டுகிறது. மென்பொருள் பழுதாகிவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில் இது, பிடிஎஃப் கோப்புக்குள் பக்கம் என்பது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து நேராக வரும் விளைவு. தைத்த நூலிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுப்பதைப் போன்றது இந்த வேலை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பிடிஎஃப் கோப்புக்குள் தாள்களே கிடையாது.

அடோபி நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் முன்வைத்த திட்டத்திலிருந்து உருவாகி, 1993இல் வெளியாகி, 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் இது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்காகத் தேவைப்படும் எழுத்துரு, படம், நிற விவரம் ஆகிய எல்லாவற்றையும் கோப்பு தனக்குள்ளேயே சுமக்கிறது. ஒரே எழுத்துருவைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பச் சுமந்தால் கோப்பு தாங்காது என்பதால், ஒன்றை ஒரே இடத்தில் வைத்துப் பல பக்கங்களும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை அலகைப் 'பொருள்' என்று சொல்லலாம். எழுத்துரு ஒரு பொருள், படம் ஒரு பொருள், பக்கமும் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பொருளுக்கு மற்றொன்று தேவைப்பட்டால், அதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் அதன் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது. இந்தப் பொருள்கள் கோப்புக்குள் எந்த வரிசையிலும் கிடக்கலாம். முதல் பக்கத்துக்குரிய பொருள் கோப்பின் நடுவிலும், கடைசிப் பக்கத்துக்குரியது தொடக்கத்திலும் இருப்பதில் தவறு ஏதும் இல்லை.

அப்படியானால் தேவையான பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? பிடிஎஃப் கோப்பைப் படிக்கும் மென்பொருள் வேலையை அதன் முடிவிலிருந்து தொடங்குகிறது. கோப்பின் கடைசி வரிகளில் ஓர் எண் இருக்கும். இத்தனையாவது பைட்டில் பொருள்களின் முகவரி அட்டவணை தொடங்குகிறது என்று அது சொல்லும். பழைய முறை அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் சரியாக 20 பைட் நீளமுள்ள ஒரு வரி உண்டு. அதன் முதல் பத்து இலக்கங்கள், அந்தப் பொருள் கோப்பின் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. எல்லா வரிகளும் ஒரே நீளம் என்பதால், 500ஆவது பொருளின் முகவரியைப் பெற முந்தைய 499 வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. பெருக்கிப் பார்த்து நேராக அங்கே போய்விடலாம்.

பக்கங்கள் ஒரு மரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வேரிலிருந்து கிளைகள் பிரியும், கிளைகளின் நுனியில் பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு கிளையும் தன்கீழ் எத்தனை பக்கங்கள் உள்ளன என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். 500 பக்க ஆவணத்தில் வேருக்குக் கீழே நூறு நூறு பக்கங்களாக ஐந்து கிளைகள் இருந்தால், 437ஆம் பக்கத்தைத் தேடும் மென்பொருள் முதல் நான்கு கிளைகளை எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தாண்டிவிட்டு, ஐந்தாவது கிளையில் 37ஆவது பக்கத்தைத் தேடும். இங்கே கணக்கில் வருவது கோப்பில் உள்ள வரிசை எண்தான், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண் அன்று. முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் இட்ட நூல்களில் இவ்விரண்டும் வேறுபடுவதால், 'பக்கம் 10' என்று கேட்டவருக்கு வேறொரு பக்கம் வந்து சேர்வது அடிக்கடி நடக்கிறது.

இப்போது ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம். பொருள் எண் 23 என்பது ஏழாம் பக்கம் என்று கொள்வோம். அதற்குள் இருப்பவை சில குறிப்புகள் மட்டுமே: பக்கத்தில் என்ன வரைய வேண்டும் என்ற கட்டளைகள் பொருள் 24இல் உள்ளன, எழுத்துரு பொருள் 5இல் உள்ளது, படம் பொருள் 31இல் உள்ளது, எனக்கு மேலுள்ள கிளை பொருள் 2. பிரித்தெடுக்கும் மென்பொருள் 23ஐ எடுத்துக்கொண்டு, அது சுட்டும் 24, 5, 31 ஆகியவற்றையும், அவை சுட்டுபவற்றையும், அவற்றுக்குப் பின்னால் வருபவற்றையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து சேர்க்கிறது. மேலுள்ள கிளையை நோக்கிய குறிப்பை மட்டும் அது பின்தொடரக் கூடாது. தொடர்ந்தால் கிளை வழியாக எல்லாப் பக்கங்களும் உள்ளே வந்துவிடும். சேர்த்தவற்றுக்குப் புதிய எண்கள் கொடுத்து, உள்ளே இருக்கும் குறிப்புகளையும் அதற்கேற்ப மாற்றி, ஒரே பக்கத்தைக் கொண்ட புதிய மரத்தை நட்டு, புதிய முகவரி அட்டவணையை எழுதி முடித்தால் தனிக்கோப்பு தயார். பக்கத்தின் வரைகட்டளைகளை மென்பொருள் பிரித்துப் படிக்கவே தேவையில்லை. அவை இருந்தபடியே நகலாகின்றன. அதனால்தான் இந்த முறையில் படத்தின் தெளிவோ எழுத்தின் கூர்மையோ சிறிதும் குறைவதில்லை.

இதில் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பக்கத்தின் அளவு, சுழற்சி, வளங்களின் (எழுத்துரு, படம் போன்றவற்றின்) பட்டியல் போன்ற சில விவரங்கள் பக்கத்தில் எழுதப்படாமல் மேலுள்ள கிளையில் எழுதப்பட்டிருக்கலாம். கிளையின்கீழ் உள்ள பக்கங்கள் எல்லாம் அவற்றைப் பரம்பரைச் சொத்துப்போலப் பெற்றுக்கொள்கின்றன. கிளையை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் எடுக்கும்போது அந்தச் சொத்தையும் கையோடு எடுத்து வந்து பக்கத்தில் எழுதிவிட வேண்டும். அதை மறந்துவிடும் மென்பொருளில் பிரித்தெடுத்த பக்கம் படுக்கைவாட்டில் திரும்பியோ எழுத்துரு இல்லாமலோ வந்து நிற்கும்.

தொடக்கத்தில் சொன்ன 38 மெகாபைட்டுக்கு இப்போது காரணம் தெரிகிறது. ஆவணத்தை உருவாக்கிய மென்பொருள் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரே வளப்பட்டியலை எழுதியிருந்தால், அந்த ஒரு பட்டியலில் முந்நூறு பக்கங்களின் படங்களும் இடம்பெற்றிருக்கும். இருபது வரி எழுத்துள்ள பக்கமும் அந்தப் பட்டியலைத்தான் சுட்டுகிறது. குறிப்புகளைப் பின்தொடரும் மென்பொருள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நேர்மையாக அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, வரைகட்டளைகளைப் படித்து, உண்மையில் பயன்படும் எழுத்துருக்களும் படங்களும் எவை என்று பார்த்து, மற்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குவது. கட்டற்ற மென்பொருளான கியூபிடிஎஃப் இவ்வாறு பயன்படாத வளங்களைக் களையும் வசதியைக் கொண்டிருக்கிறது. பக்கத்தில் வேறொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்பு இருந்தால், அந்த இணைப்பு வழியாகவும் தேவையற்ற பக்கத்தின் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வரலாம்.

ஆவணம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் பிரிக்கும்போது இதே பங்கீடு வேறு விதமாக வெளிப்படுகிறது. 200 கிலோபைட் எழுத்துரு ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளும் 100 பக்கங்கள், பக்கத்துக்கு 5 கிலோபைட் கட்டளைகள் என்றால், முழுக்கோப்பு ஏறத்தாழ 700 கிலோபைட். நூறு கோப்புகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எழுத்துருவைத் தனித்தனியே சுமக்க வேண்டும்: 205 கிலோபைட் வீதம் நூறு கோப்புகள், மொத்தம் 20 மெகாபைட்டுக்கு மேல். அவற்றைத் திரும்ப இணைத்தாலும், ஒரே எழுத்துருவின் நூறு நகல்களை அடையாளம் கண்டு ஒன்றாக்கும் திறன் இணைக்கும் மென்பொருளுக்கு இல்லாவிட்டால், வீங்கிய அளவு அப்படியே நிற்கும்.

பக்கத்தோடு வராதவையும் உண்டு. புத்தகக்குறிகளும், படிவங்களைக் கட்டும் பொது அமைப்பும் ஆவணத்தின் வேரோடு சேர்ந்தவை. அவற்றைத் தனியே கவனித்து மாற்றி எழுதினால்தான் வரும். மின்கையொப்பம் கோப்பின் குறிப்பிட்ட பைட்டுகளுக்காக இடப்படுவது என்பதால், பிரித்த கோப்பில் அதற்குச் செல்லுபடி கிடையாது; கையொப்பத்தின் படம் மட்டும் தெரியலாம், அதை நம்பக் கூடாது.

பிரித்தெடுக்கும் வசதி இல்லாதபோது 'பிடிஎஃப் ஆக அச்சிடு' என்ற வழியைப் பலர் கையாளுகிறார்கள். அது நகலெடுப்பது அன்று, பக்கத்தை முழுவதுமாக மறுபடி வரைவது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் இணைப்புகள் போய்விடும். எழுத்துருவின் வடிவத்தையும் எழுத்தின் குறியீட்டையும் பொருத்திக் காட்டும் அட்டவணை தொலைந்துவிடவும் கூடும். தமிழில் இந்த இழப்பு சட்டென்று தெரியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்கள் இடமிருந்து வலமாக வரையப்படுகின்றன. பொருத்தம் தொலைந்த கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறும், தேடினாலும் சொல் அகப்படாது.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, பக்கத்தைப் பிரித்தெடுப்பதும் பக்கத்தை நீக்குவதும் ஒன்றல்ல என்பதை. பிடிஎஃப் கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, பழைய பைட்டுகளைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் கோப்பின் முடிவில் சேர்த்து எழுத இந்த வடிவம் அனுமதிக்கிறது. மூன்றாம் பக்கத்தை நீக்கிவிட்டு இப்படிச் சேமித்தால், மூன்றாம் பக்கம் இல்லாத புதிய மரம் கடைசியில் சேர்கிறது. பழைய மரமும், பழைய அட்டவணையும், மூன்றாம் பக்கத்தின் முழு உள்ளடக்கமும் முன்பிருந்த இடத்திலேயே கிடக்கின்றன. சேர்த்த பகுதியை வெட்டிவிட்டால் பழைய ஆவணம் முழுதாகத் திரும்பிவிடும். வங்கி விவரமோ மருத்துவ அறிக்கையோ உள்ள பக்கத்தை நீக்கிவிட்டோம் என்று நம்பிக் கோப்பைப் பிறருக்கு அனுப்புபவர் இதை அறிந்திருக்க வேண்டும். அனுப்ப வேண்டிய பக்கங்களை மட்டும் புதிய கோப்பாகப் பிரித்தெடுத்தால், அந்தக் கோப்பு முதல் பைட்டிலிருந்து புதிதாக எழுதப்படுகிறது. பழைய பதிப்பு அதோடு வருவதில்லை. ஆயினும் பொது வளப்பட்டியல் வழியாக வேறு பக்கத்தின் படம் ஒட்டிக்கொண்டு வரக்கூடும் என்பதால், எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக உள்ள கோப்பை அனுப்பாமல் நிறுத்திச் சோதிப்பது நல்லது.

பக்கத்தின் ஓரத்தை வெட்டுவதிலும் இதே நிலைதான். வெட்டும் கருவி பெரும்பாலும் பக்கத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்ற நான்கு எண்களை மட்டும் மாற்றுகிறது. இருபக்க விரிப்பாக வருடிய (ஸ்கேன் செய்த) ஒரு படத்தை இடம், வலம் என்று இரண்டு பக்கங்களாகப் பிரிக்கும் மென்பொருள்களில் பல, முழுப் படத்தையும் இரண்டு பக்கங்களும் சுட்டும்படி வைத்து, ஒன்றில் இடப்பாதியையும் மற்றொன்றில் வலப்பாதியையும் மட்டும் திறந்து காட்டுகின்றன. இடப்பாதியை மட்டும் பெற்றவர் அந்த நான்கு எண்களை மாற்றினால் வலப்பாதியும் தெரியும். அது தெரியக் கூடாது என்றால், தேவையான பாதியை முதலில் தனிப் படமாக வெட்டிச் சேமித்து, அந்தப் படத்திலிருந்து புதிய பிடிஎஃப் உருவாக்க வேண்டும்.