ஊட்டித் தைலம்: குழந்தைக்குத் தேய்க்கும் முன் மருந்துக் கடைக்காரர் சொல்வது

ஊட்டிக்குப் போய் வந்தால் வர்க்கி ஒரு பொட்டலம், யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு இவற்றைக் கொடுப்பது ஏறக்குறைய சீர் செய்வது மாதிரி ஆகிவிட்டது. வர்க்கி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். தைலம் வருஷக்கணக்கில் டிவி ஸ்டாண்டு மேல் இருக்கும், பாதி நேரம் மூடி சரியாகத் திருகாமல். மேட்டுப்பாளையத்தில் மருந்துக் கடை நடத்துகிறவன் நான். எனக்குக் கவலை தருவது அந்த பாட்டில்தான். அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

கடையில் அடிக்கடி வரும் பேச்சு இது. "ஏனுங் தம்பி, பேரனுக்கு நெஞ்சுச் சளிங்க. வீட்டுல ஊட்டித் தைலம் இருக்குது. மூக்குல ரெண்டு சொட்டு விட்டாப் போதுமுங்களா?" வயது என்ன என்று கேட்டால், "இப்பத்தானுங்க ஒண்ணு முடிஞ்சிருக்குது" என்பார்கள். "வேண்டாமுங்க பெரியம்மா, மூக்குலயும் வேண்டாம், நெஞ்சுலயும் வேண்டாம்" என்றால் முகம் வாடிவிடும். "நாங்கெல்லாம் தேய்ச்சுத்தானுங்க வளர்த்தோம்" என்பது அடுத்து கட்டாயம் வரும். தேய்த்தும் ஒன்றும் ஆகாத குழந்தைகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஏதாவது ஆன குழந்தைகளும் உண்டு.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். மலையில் தைலம் எடுக்கிற யூகலிப்டஸ் குளோபுலஸின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியும் டாஸ்மேனியாவும். விறகுத் தட்டுப்பாட்டுக்காக ஆங்கிலேயர்கள் 1843-இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் பிறகு தோப்புத் தோப்பாக நட்டார்கள். கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இதே குடும்பம்தான். இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளி, தண்ணீரோடு பெரிய கொப்பரையில் போட்டு, விறகு எரித்துக் காய்ச்சுவார்கள். ஆவியோடு கிளம்பும் எண்ணெய், குளிர்ந்ததும் தண்ணீர் மேல் மிதக்கும். அதைப் பிரித்தெடுத்தால் தைலம். 100 கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ கிடைத்தால் உண்டு. அதனால் வெந்நீரில் நாலு இலை போட்டு முகர்வதையும் ஒரு ஸ்பூன் தைலத்தையும் ஒன்றாக நினைக்க முடியாது.

மருந்துத் தரமான தைலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது சினியோல் என்ற ஒரே பொருள். சூடத்தை நினைவூட்டும் அந்தக் குளிர்ச்சியான வாசம் அதனுடையதுதான். முகர்ந்தவுடன் மூக்கு திறந்துகொண்டது போல இருக்கிறதே, அதில் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த காற்றை உணரும் நரம்பு முனைகளைச் சினியோல் தூண்டிவிடுகிறது. காற்று தாராளமாகப் போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. உள்ளே அடைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்காகத் தைலத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சினியோலுக்குச் சளியை இளக்கும் குணமும், வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும் குணமும் உண்டு. ஜெர்மனியில் அதைத் தனியே பிரித்து, 200 மில்லிகிராம் என்று அளவு கட்டி, சைனஸ் தொல்லைக்கு கேப்சூலாகவே விற்கிறார்கள். அந்த ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ஒரு டீஸ்பூன் ஊட்டித் தைலத்தில் 15 கேப்சூலுக்கு மேல் சினியோல் இருக்கிறது. 'இயற்கைதானே, கொஞ்சம் உள்ளுக்குச் சாப்பிட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்.

சின்னக் குழந்தைக்கு ஆபத்து இரண்டு விதத்தில் வரும். ஒன்று, மூக்கருகே தடவும்போது. காட்டமான வாசம் பட்டதும் குரல்வளை சுருங்கி மூச்சு தடைப்படலாம். இரண்டரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு யூகலிப்டஸ் எண்ணெய் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை சொல்வது இதனால்தான். பஞ்சில் நனைத்துத் தொட்டிலில் கட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வாய் வழியாகப் போவது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைவிடக் குறைவாகக் குடித்தும் மோசமானதுண்டு. விளையாட்டாகக் குழந்தையே குடித்துவிடுவது பாதி. இருமல் டானிக் என்று நினைத்துப் பெரியவர்களே ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் ஊற்றிக் கொடுத்துவிடுவது மீதி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு ஓடிவந்தவர்கள் உண்டு. கடைக்கு வராதீர்கள், மாற்று மருந்து என்று என்னிடம் எதுவும் இல்லை. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். வாந்தியில் மேலேறும் தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி வியாதி. சில நிமிடங்களிலேயே குழந்தை சொக்கிப்போகலாம், தள்ளாடலாம், வலிப்பு வரலாம். சில சமயம் மணிக்கணக்கு கழித்தும் வரும். அதனால் 'நல்லாத்தான் விளையாடிட்டு இருக்குது' என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

வலிப்பு என்றதும் சூடத்தையும் சொல்லியாக வேண்டும். தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. வலிப்பை வரவழைப்பதில் சூடம் தைலத்தைவிடப் பொல்லாதது. கடைகளில் விற்கும் தைலங்களிலும் பாம்களிலும் பலவற்றில் இரண்டுமே சேர்ந்திருக்கும். வலிப்பு நோய் இருப்பவர்கள் வயது எதுவானாலும் இவற்றிலிருந்து விலகியிருப்பது நல்லது. தேய்ப்பதாலும் முகர்வதாலும்கூடப் பெரியவர்களுக்கு வலிப்பு வந்ததை பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தினம் தலைவலிக்குத் தைலம் தேய்க்கிறவர், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆவி பிடிப்பதில் தைலத்தைவிட வெந்நீர்ச் சட்டிதான் எதிரி. போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிக்கிற சட்டி முன்னால் உட்காருவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சட்டி கவிழ்ந்தால் வெந்துபோவது தொடையும் வயிறும். அப்புறம், தைலம் தீப்பற்றும் பொருள். எரிகிற அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது, இறக்கி வைத்த பிறகு இரண்டு சொட்டு போதும்.

பெரியவர்களுக்கு முழங்கால் வலி, தசைப்பிடிப்பு என்றால் தாராளமாகத் தேய்க்கலாம், ஆனால் தனியாக அல்ல. 20 பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு தைலம். கண்ணருகே வேண்டாம், புண் மேல் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த வாசமே இழுப்பைக் கிளப்பிவிடலாம். தைலத்தின் காட்டத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு தெர்மாகோல் துண்டில் சில சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும். அதனால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் விற்பதை வாங்காதீர்கள் என்கிறேன். அடர்நிறக் கண்ணாடி பாட்டில், தயாரித்தவர் பெயர், உரிம எண், தேதி, இத்தனையும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல தைலம் கறையில்லாமல் ஆவியாகிவிடும், எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் கலப்படம். டர்பென்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையிலும் தப்பித்துவிடும்.

கொசுவுக்கு இதைப் பூசலாமா என்றும் கேட்கிறார்கள். கொசுவிரட்டி என்று பேசப்படுவது எலுமிச்சை வாசம் அடிக்கும் வேறொரு மரம். அதன் எண்ணெயில் சினியோல் அல்ல, சிட்ரோனெல்லால்தான் அதிகம். அந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுக்கும் தனிச் சரக்குதான் சோதனைகளில் தேறியது. அதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது. ஊட்டித் தைலத்தைப் பூசிக்கொண்டால் வாசம் வரும், கொசுவும் கொஞ்ச நேரத்தில் வரும். தொட்டிலுக்கு வலை கட்டுங்கள்.