36 சதுர மைல்: ஒரு டவுன்ஷிப்பின் கணக்கு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள டவுன்ஷிப்களின் (சிறிய உள்ளாட்சிப் பகுதிகள்) பட்டியலைப் புரட்டினால் பரப்பளவு பெரும்பாலும் 36 சதுர மைலை ஒட்டியே இருக்கும். மக்கள்தொகையோ சிலவற்றில் பத்தைக்கூடத் தொடாது. இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பது சுவாரஸ்யமான கதை.

முதலில் பரப்பளவு. விடுதலைப் போரில் ஏறிய கடனை அடைக்க, மேற்கே இருந்த நிலத்தை விற்க நினைத்தது அமெரிக்க அரசு. அதற்காக 1785-இல் ஒரு சட்டம் போட்டார்கள். நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக அளக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சதுரம்தான் டவுன்ஷிப். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகள். ஒரு துண்டு 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் ஓட்டுவது போல மாறி மாறி எண் போடும் முறை பின்னர் நிலைத்தது.

அளவுகோல் 66 அடி நீள இரும்புச் சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். மரமே இல்லாத புல்வெளியில் எல்லையை எப்படிக் காட்டுவது? குழி வெட்டி, அந்த மண்ணையே மேடாகக் குவித்து, நடுவில் ஒரு கட்டையை நட்டார்கள்.

ஆனால் பூமி உருண்டை. வடக்கு நோக்கிப் போகும் கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்கும். வடக்கு டகோட்டாவின் அட்சரேகையில் ஒரு டவுன்ஷிப்பின் வட விளிம்பு, தென் விளிம்பைவிடச் சுமார் 50 அடி குறைந்துவிடுகிறது. அளக்கும்போது வந்த பிழையையும் சேர்த்து, வடக்கு, மேற்கு ஓரத் துண்டுகளில் தள்ளிவிட்டார்கள். போதாததற்கு, 24 மைலுக்கு ஒருமுறை பொதுவாகக் கிழக்கு மேற்காகப் புதிய ஆதாரக் கோடு போட்டு மறுபடி அளந்தார்கள். அதனால்தான் நூல் பிடித்தது போல வடக்கே போகும் கிராமச் சாலை அந்தக் கோட்டில் சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்து, அப்புறம் மறுபடி வடக்கே திரும்புகிறது.

சரி, மக்கள்? 1862-இன் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. 36 துண்டுகளில் 16-ஆவதும் 36-ஆவதும் பள்ளிகளுக்கு. மீதியைப் பிரித்தால், கணக்குப்படி 136 குடும்பங்களுக்கு இடம் உண்டு. இன்று அங்கே சராசரிப் பண்ணை ஏறக்குறைய 1,500 ஏக்கர். அப்படியென்றால் அதே சதுரத்தில் 15 பண்ணைகள்தான். டிராக்டர் வந்ததும் ஒரே ஆள் பத்து மடங்கு நிலத்தைக் கவனிக்க முடிந்தது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள். மண்ணில் எந்தக் குறையும் இல்லை. விளைச்சலுக்குத் தேவைப்படும் கைகள்தான் குறைந்துபோயின. இது எனக்கு வருத்தம் தரும் மாற்றம்.

இன்னொன்று. 2020 கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் கசியாமலிருக்க, சிறிய இடங்களின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்தார்கள். ஒரே ஒருவர் வாழும் நெப்ராஸ்காவின் மொனோவி கிராமத்துக்கு 2 பேர் என்று வெளியானது இப்படித்தான். மாநில மொத்தத்தில் கை வைக்கவில்லை. ஆகவே குட்டி டவுன்ஷிப்பின் மக்கள்தொகையைத் தோராயமாகவே எடுத்துக்கொண்டு, பக்கத்து டவுன்ஷிப்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கூட்டும்போது அந்த மாற்றங்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.