எழுத்துகளைக் கூட்டாதீர்கள், பெருக்குங்கள்

சி, ஏ, டி என்று மூன்று எழுத்தைத் தட்டினால் அந்த மூன்றும் இருக்கிற ஆங்கிலச் சொற்களையெல்லாம் கணினி நொடியில் கொட்டிவிடுகிறதே, எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கிறதா? சொல் விளையாட்டுப் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அடுக்கிப் பார்ப்பதில்லை. ஏழு எழுத்துக்கே 5,040 வரிசை, பத்துக்கு 36,28,800. இடையில் வேறு எழுத்துகளும் வரலாம் என்றால் அதற்கு முடிவே கிடையாது. வேலை மறுபக்கமிருந்து நடக்கிறது. சொற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லிடமும் 'உன்னிடம் இவை இருக்கின்றனவா' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிராபிள் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் 2.7 லட்சத்துக்கு மேல் சொற்கள் உண்டு. இன்றைய கணினிக்கு அது ஒரு வாய்க்குக் காணாது. கேள்வியை எந்த வடிவில் கேட்பது என்பதில்தான் சுவாரசியம்.

அதற்கு முன் ஒரு சின்ன இடைஞ்சல். ஆங்கிலத்தின் நாலாவது எழுத்தையும் இருபதாவது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி'தான். இங்கே டி என்றால் இருபதாவது. பூனையைக் குறிக்கும் கேட் என்ற சொல்லின் கடைசி எழுத்து. இரண்டு பொருளுக்கு ஒரே அடையாளம் விழுவதைக் கணினிக்காரர்கள் மோதல் என்பார்கள். இந்தக் கட்டுரை முழுக்க மோதலைத் தவிர்ப்பது பற்றித்தான்.

எளிய வழி, சொல்லின் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்குவது. கேட், ஆக்ட் இரண்டும் ஏ-சி-டி ஆகிவிடும். லிசன், சைலன்ட், டின்சல் மூன்றும் ஒரே அடையாளமாகும். அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்ட சொற்களைப் பிடிக்க இது போதும். தேடும் எழுத்துகள் சொல்லுக்குள் எங்காவது அடங்கியிருந்தால் போதும் என்றால் இரண்டு வரிசைகளிலும் விரல் வைத்துக்கொண்டு சேர்ந்தே நகர வேண்டும். மெதுவான வேலை, ஆனால் தப்பாது.

எனக்குப் பிடித்தது பகா எண் வழி. ஏ-வுக்கு 2, அடுத்த எழுத்துக்கு 3, சி-க்கு 5 என்று 26 எழுத்துக்கும் 26 பகா எண்களைக் கொடுங்கள். டி-க்கு 71 வரும், கடைசி எழுத்தான இசட்டுக்கு 101. இப்போது சொல்லின் எழுத்துகளைப் பெருக்குங்கள். கேட்: 5 × 2 × 71 = 710. ஆக்ட் என்றாலும் 710தான். பெருக்கலுக்கு வரிசை கிடையாதே. பரணைக் குறிக்கும் ஆட்டிக் என்ற சொல்லில் ஏ, டி, டி, ஐ, சி உண்டு: 2 × 71 × 71 × 23 × 5 = 11,59,430. அதை 710-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 1,633 வருகிறது. மீதி இல்லையென்றால் கேட்டின் எழுத்துகள் ஆட்டிக்குக்குள் முழுசாக இருக்கின்றன என்று பொருள். அந்த 1,633-ஐக் காரணிப்படுத்தினால் 71 × 23, அதாவது மிச்சம் நின்ற டி-யும் ஐ-யும். 'இருக்கிறதா' என்று கேட்டோம். 'இருக்கிறது, மேற்கொண்டு இவையும் இருக்கின்றன' என்று ஒரே வகுத்தல் சொல்லிவிட்டது. ஓர் எழுத்து இரண்டு முறை வேண்டுமென்றாலும் தனிக் கணக்கு வேண்டாம்; 71-ஐ இரண்டு முறை பெருக்கித் தேடினால் சரி.

எந்த முழு எண்ணையும் பகா எண்களாக ஒரே ஒரு விதத்தில்தான் உடைக்க முடியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. மோதலே வராததற்கு அதுதான் காரணம். கூட்டலுக்கு இந்த யோக்கியதை இல்லை. ஏ 1, அடுத்தது 2 என்று வரிசை எண்ணைக் கூட்டினால் கேட் 3 + 1 + 20 = 24; காலைக் குறிக்கும் லெக் 12 + 5 + 7, அதுவும் 24. பூனையும் காலும் ஒன்றாகிவிட்டன. பெயர் எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டி, அதையும் ஒற்றை இலக்கமாகச் சுருக்கிப் பலன் சொல்லும் நியூமராலஜி செய்வது இதையேதான். உலகத்துப் பெயர்கள் அத்தனையும் ஒன்பது டப்பாக்களுக்குள் போய் விழுகின்றன. எதிர்காலம் கிடக்கட்டும், விடையை வைத்துக்கொண்டு பெயரைக்கூடத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

பகா எண் வழிக்கும் ஒரு நோய் உண்டு: எண் வீங்கிவிடும். 64 பிட் முழு எண் (0 அல்லது 1 நிற்கும் 64 இடங்கள்), குறை எண்ணே வேண்டாம் என்று வைத்தாலும், சுமார் 1.84 × 10¹⁹ வரைதான் தாங்கும். அன்காப்பிரைட்டபிள் என்ற சொல்லில் 15 எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. அகர வரிசைப்படி பகா எண் கொடுத்தால் அதன் பெருக்கல் சுமார் 3 × 10²⁰, வழிந்துவிடும். வழிந்தால் பல நிரல் மொழிகளில் பிழைச் செய்தியும் வராது, மேல் இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிரும். பிறகு வகுத்தால் வரும் விடை குப்பை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துக்குச் சின்னப் பகா எண் கொடுப்பதுதான் மருந்து: இ-க்கு 2, டி-க்கு 3, ஏ-க்கு 5, இப்படியே. அதே சொல் இப்போது சுமார் 1.06 × 10¹⁹, தப்பித்தது. ஆனால் குறை எண்ணுக்கும் இடம் விட்ட 64 பிட்டில் வரம்பு சுமார் 9.2 × 10¹⁸தான்; அங்கே இதுவும் வழியும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணோ சுமார் 9 × 10¹⁵ வரைதான் துல்லியம். பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி வரம்பில்லை, வேகம் குறையும்.

அதனால் நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிட் மாஸ்க்கில்தான் தொடங்குவார்கள். 32 பிட் எண்ணில் 26 பிட்டை எழுத்துக்கு ஒரு ஸ்விட்சாக ஒதுக்கி, சொல்லில் உள்ள எழுத்துகளின் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட வேண்டும். சொல்லின் மாஸ்க்கையும் தேடலின் மாஸ்க்கையும் ஆண்ட் செய்து, அதாவது இரண்டிலும் போட்டிருக்கிற ஸ்விட்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு, தேடல் மாஸ்க் அப்படியே திரும்பி வந்தால் எல்லாம் இருக்கின்றன. வகுத்தலைவிட மிக மலிவு. எத்தனை முறை என்பது மட்டும் இதற்குத் தெரியாது. இரண்டு டி கேட்டால் ஒரு டி உள்ளதையும் உள்ளே விட்டுவிடும். வடிகட்டலில் தேறியதை மட்டும் எழுத்து வாரியாக எண்ணினால் போதும்.

பிழை அதிகம் நுழைவது கணக்கில் அல்ல, பட்டியலில். எந்த ஸ்விட்ச் என்று அறிய எழுத்தின் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் வைத்திருக்கும் எண்) சிறிய ஏ-யின் 97-ஐக் கழித்து, 1-ஐ அத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்துவது, அதாவது ஷிஃப்ட் செய்வது, வழக்கம். விண்டோஸில் சேமித்த கோப்பாக இருந்து, வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத 13-ஆம் குறி ஒட்டிக்கொண்டிருந்தால் 13 − 97 = −84. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஷிஃப்ட் அளவில் கடைசி 5 பிட்டை மட்டுமே பார்க்கும். −84 அங்கே 12 ஆகிவிடும். ஏ-யை 0 என்று வைத்து எண்ணினால் 12-ஆவது ஸ்விட்ச் எம். அதாவது பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லிலும் எம் இருப்பதாக நிரல் சத்தியம் செய்யும். கோப்பைச் சுத்தம் செய்த பிறகும் சில சொற்களில் மட்டும் எம் ஒட்டிக்கொண்டே இருந்தால் இணைப்புக் கோடு உள்ள சொற்களைப் பாருங்கள். அதன் ஆஸ்கி எண் 45; 45 − 97 = −52, அதுவும் 12-இல்தான் வந்து விழும்.