மார்பை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது

மார்பை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கேள்வி கேட்பார்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும், கீமோ உண்டா, முடி கொட்டுமா, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்க மதுரைக்குப் போகணுமா, பேசாமல் சென்னைக்கே போய்விடலாமா. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் வந்து அவர் பங்குக்கு நாலு கேள்வி கேட்பார். எடுத்த இடத்தில் மறுபடி மார்பை அமைக்க முடியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் அப்போது பேசுகிற நிலையில் இருக்க மாட்டார். மற்றவர்களுக்கு அது கூச்சம்.

நான் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், அதாவது பிளாஸ்டிக் சர்ஜன். வாரத்தில் ஒரு நாள் காரைக்குடியில் ஓ.பி. பார்க்கிறேன். ஆபரேஷன்கள் மதுரையில். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கமிருந்து மார்பக மறுசீரமைப்புக்காக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மார்பை எடுத்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துத்தான் வருகிறார்கள். அப்போதும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் முதலிலேயே வந்திருந்தால் நாலைந்து வழி இருந்திருக்கும். இப்போது ஒன்றோ இரண்டோதான் மிச்சமிருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஓர் ஆச்சி. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடது மார்பை எடுத்து, கீமோவும் கரண்டும் முடிந்து வருஷம் ஒன்று ஆகியிருந்தது. கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மகளுடன் உள்ளே வந்தார். வலியா, கை வீக்கமா என்று நான் கேட்டுக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "வீட்டு அய்யாவுக்கு அறுபதாம் சாந்தி வருது, டாக்டரம்மா. ரெண்டு பேரையும் மணையில உக்கார வச்சுக் குடம் குடமா ஊத்துவாக. ஈரச் சேலை அப்படியே ஒட்டிக்கிரும். உள்ள வச்ச துணி நனைஞ்சு கீழ இறங்கிரும். அத்தனை சனத்துக்கு முன்னால நான் எப்படி எந்திரிக்கிறது?"

மகளுக்கு இது புதுச் செய்தி. அம்மா ஒரு வருஷமாக ரவிக்கைக்குள் பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. "இந்த வயசுல எதுக்கும்மா" என்று அவர் ஆரம்பித்ததை நான் பாதியிலேயே நிறுத்தினேன். இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் பகுதியில் பல பெண்களின் வாயை அடைத்து வைத்திருக்கிறது. கல்யாணமாகாத பெண் என்றால் கேட்பார்கள், பேரன் எடுத்தவள் என்றால் கேட்க வேண்டாம் என்பது என்ன கணக்கோ. தினமும் காலையில் சேலை கட்டும்போது அந்த இடத்தைப் பார்க்கப்போவது அவர்தானே.

சரி, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இந்தச் சிகிச்சை வந்த பாதை தெரிந்தால்தான் "முன்பே கேளுங்கள்" என்று நான் சொல்வதன் காரணம் புரியும்.

1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பு, அதன் தோல், அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது. விலா எலும்பு தோலுக்கடியில் தெரியும். கை வீங்கும். மயக்க மருந்தே இளம் பருவத்தில் இருந்த காலத்தில், வேறு மருந்தும் இல்லாத நோய்க்கு அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த இடத்தை மறுபடி கட்டியமைப்பதை ஹால்ஸ்டெட் விரும்பவில்லை. மூடி மறைத்தால் நோய் திரும்புவது தெரியாமல் போய்விடும் என்ற பயம் அறுவை மருத்துவர்களிடம் பல தலைமுறை தங்கிவிட்டது. அந்த பயத்தின் மிச்சம் இன்னும் சில ஓ.பி. அறைகளில் இருக்கிறது.

முயற்சிகள் இல்லாமலில்லை. 1895இல் ஜெர்மனியில் செர்னி என்பவர், ஒரு பெண்ணின் உடம்பில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பு இருந்த இடத்தில் வைத்துத் தைத்தார். இத்தாலியில் தான்சினி 1906இல் முதுகின் பரந்த தசையைத் தோலோடு திருப்பி முன்னால் கொண்டுவந்து காயத்தை மூடினார். அருமையான யோசனை. ஆனால் பிறகு பல பத்தாண்டுகள் அதை எல்லோரும் மறந்துபோனார்கள். 1970களின் பிற்பகுதியில்தான் அது மறுபடி கண்டெடுக்கப்பட்டது. இன்றும் எல்.டி. ஃபிளாப் என்ற பெயரில் செய்கிறோம். ஃபிளாப் என்றால் ரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றி வைக்கும் சொந்தச் சதை.

1962இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ என்ற இருவர் முதல் சிலிகோன் இம்பிளான்ட்டை, அதாவது உடம்புக்குள் வைக்கும் செயற்கை மார்பை, வைத்தார்கள். அது மார்பைப் பெரிதாக்குவதற்காக. புற்றுநோய்க்கு மார்பை எடுத்தவர்களுக்கு வைக்கத் தொடங்கியது 70களில். அப்போது ஒரு சிக்கல்: உள்ளே வைக்க இம்பிளான்ட் இருக்கிறது, மேலே மூடத் தோல் போதவில்லை. ராடோவன் என்பவர் கொண்டுவந்த எக்ஸ்பேண்டர்தான் அதைத் தீர்த்தது. சுருங்கிய பை ஒன்றைத் தோலுக்கும் தசைக்கும் அடியில் வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை ஊசி வழியாக உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் விரிந்து கொடுப்பது போல மார்புத் தோலும் இரண்டு மூன்று மாதத்தில் விரியும். அப்புறம் பையை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளான்ட்.

சிலிகோன் கதை நேர்கோட்டில் போகவில்லை. 1992இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. சிலிகோன் இம்பிளான்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. உடம்பு முழுவதையும் பாதிக்கும் வாத நோய்கள் வருகின்றன என்ற புகார்கள் காரணம். பல வருஷ ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை. 2006இல் மறுபடி அனுமதி. பிறகு 2011இல் வேறொரு எச்சரிக்கை: இம்பிளான்ட்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்று. சொரசொரப்பான மேற்பரப்புள்ளவற்றில்தான் அது அதிகம். 2019இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்பிளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. ஆகவே இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்கள், கம்பெனி பெயரும் வரிசை எண்ணும் உள்ள அந்தச் சின்ன அட்டையை நகைப் பெட்டியிலாவது போட்டுப் பத்திரமாக வையுங்கள். என்றோ வைத்ததில் திடீரென்று வீக்கம் வந்தால் காட்டிவிடுங்கள். இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வரும் பொருளல்ல என்பதையும் தெரிந்தே வைத்துக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டி வரலாம்.

இன்னொரு பக்கம், சொந்தச் சதையிலேயே மார்பு செய்யும் வேலையும் வளர்ந்தது. 1982இல் அமெரிக்காவில் ஹார்ட்ராம்ப் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு சேர்த்து மேலே நகர்த்தி மார்பாக்கினார். இது டிராம் ஃபிளாப். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தசை போன இடத்தில் வயிறு பலவீனமாகும், சிலருக்குக் குடலிறக்கம் வரும். தசையை விட்டுவிட்டு அதற்குள் ஓடும் ரத்தக் குழாயை மட்டும் பிரித்தெடுத்தால் என்ன என்று யோசித்தவர்கள் ஜப்பானின் கோஷிமாவும் அமெரிக்காவின் ஆலனும். கோஷிமா 1989இல் வழி காட்டினார். ஆலன் 90களின் தொடக்கத்தில் அதை மார்பக மறுசீரமைப்புக்குக் கொண்டுவந்தார். டீப் ஃபிளாப் என்பது இதுதான்.

சாந்திக்குத் தயாரான அந்த ஆச்சிக்கு நாங்கள் செய்தது இதைத்தான். முதல் நாள் அவர் மார்பைப் பார்த்தபோதே எக்ஸ்பேண்டர் சரிவராது என்று தெரிந்துவிட்டது. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை நேர்த்தழும்பு. கரண்ட் பட்ட தோல் கறுத்து, விலாவோடு ஒட்டி, விரலால் கிள்ளினால் எழும்பவே இல்லை. அந்தத் தோலை இழுத்து விரிக்கப் பார்த்தால் புண்ணாகும், இம்பிளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகிக் கல்லாகும். ஆனால் அடிவயிற்றில் தேவையான அளவு தோலும் கொழுப்பும் இருந்தன. "ஒருவழியா இந்த வயிறு எதுக்காவது உதவுதே" என்றார் ஆச்சி. மகள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர ஒத்துக்கொண்டார். வெற்றிலையோடு போடும் புகையிலையை நிறுத்தச் சொன்னபோதுதான் முகம் சுருங்கியது. நிகோடின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நாங்கள் தைத்து இணைக்கும் குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறோம். அது அடைத்துக்கொண்டால் கொண்டுவந்த சதை முழுவதும் போய்விடும். ஆகவே குறைந்தது நான்கு வாரமாவது வாயில் புகையிலை இருக்கக் கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது. பாக்குப் போடக்கூடாதா என்றார். வெறும் வெற்றிலையோடு நிறுத்துங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்.

ஆபரேஷன் பகல் முழுவதும் நடந்தது. அதன்பிறகு முதல் இரவுதான் எங்களுக்குக் கண்டம். மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து புது மார்பின் நிறம், சூடு பார்ப்பார். கையடக்க டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் 'உஷ் உஷ்' சத்தம் கேட்பார். நீலம் பாரித்தால் உடனே தியேட்டருக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இவருக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

கான்பரன்ஸ்களில் டீப் ஃபிளாப்புக்குத்தான் கைதட்டல். என்னைக் கேட்டால் நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அந்தப் பழைய முதுகுத் தசை எல்.டி. ஃபிளாப்பே போதும். மைக்ராஸ்கோப் வேண்டாம், நேரம் குறைவு, நம்பகமான ரத்த ஓட்டம். முதுகில் சில வாரம் நீர் கோர்க்கும், ஊசியால் எடுத்துவிடலாம். பெரிய மார்பு வேண்டுமென்றால் மட்டும் அது போதாது.

இப்போது "முன்பே" என்பதற்கு வருகிறேன். 1991இல் டோத், லாப்பர்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மார்பகத் திசுவை உள்ளிருந்து எடுத்துவிட்டு மேல்தோலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கும் முறை பரவியது. தகுதியானவர்களுக்குக் காம்பையும் விடலாம். தோல் இருந்தால் உள்ளே எதை வைத்தாலும் மார்பின் வடிவம் இயல்பாக வரும், தழும்பும் சிறியது. இதை மார்பை எடுக்கும் அதே நாளில்தான் செய்ய முடியும். வெட்டி எடுத்துக் குப்பைக்குப் போன தோலை அடுத்த வருஷம் நான் எங்கே போய்த் தேட? பிறகு கரண்ட் வைக்க வேண்டியிருக்குமா என்பதும் முன்பே கணிக்க வேண்டிய விஷயம். வைக்க வேண்டியிருந்தால் இம்பிளான்ட்டா, சொந்தச் சதையா, இப்போதா, பிறகா என்ற முடிவுகளெல்லாம் மாறும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மார்பை முழுவதுமாக எடுக்கத்தான் வேண்டுமா? இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் 20 வருஷ முடிவுகள் 2002இல் வெளிவந்தன. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தவர்களும் மார்பை முழுவதும் எடுத்தவர்களும் உயிர் வாழ்வதில் வித்தியாசம் இல்லை. கட்டியை எடுத்த பள்ளத்தை அங்கேயே இருக்கும் திசுவால் நிரப்பி வடிவமைக்கவும் இன்று முடியும்.

மறைத்துவிட்டால் நோய் திரும்புவது தெரியாதே என்ற அந்தப் பழைய பயம்? மறுசீரமைப்பு நோயைத் திரும்ப வரவழைப்பதில்லை. திரும்பினாலும் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும்; விரலுக்குத் தட்டுப்படும். கீமோ தள்ளிப்போகுமோ என்ற கவலையில் நியாயம் உண்டு. காயம் சரியாக ஆறினால் தள்ளிப்போகாது, ஆறாவிட்டால் போகும். அதனால்தான் சர்க்கரையிலும் புகையிலையிலும் நான் அவ்வளவு கறாராக இருக்கிறேன்.

புது மார்பில் பழைய உணர்வு இருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுவேன். மரத்துப்போன தோல் அது. குளிருக்கு இதமாக யாராவது வெந்நீர்ப் பை வைத்தாலோ, துணியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தாலோ, சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். காம்பைப் பிறகு அங்குள்ள தோலையே மடித்துச் செய்து, சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்தி முடிக்கிறோம். எட்டு வயதில் கையில் கோலம் பச்சை குத்திக்கொண்ட ஒரு பாட்டி, "அன்னைக்கு வலிச்ச வலிக்கு இது ஒண்ணுமே இல்ல" என்றார். வலிக்காது பாட்டி, அங்கேதான் உணர்வே இல்லையே!

எதுவுமே வேண்டாம் என்று சொல்வதும் முழு உரிமை. அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை. அவர்களுக்குத் தையலை மடிப்பும் தொங்கலும் இல்லாமல் சமமாக முடித்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளியில் வைக்கும் செயற்கை மார்பு வாங்கினால், மற்ற மார்புக்கு ஈடான எடை பாருங்கள். வெறும் பஞ்சு லேசாக இருப்பதால் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கண்டாங்கி கட்டும் ஒருவர் பருத்திப் பைக்குள் கேழ்வரகு போட்டுத் தைத்து வைத்திருந்தார். எடை கச்சிதம். மழைக்காலத்தில் மட்டும் மாற்ற வேண்டும் என்றார்.

பணத்தைப் பற்றி. மருத்துவக் காப்பீட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி கிடையாது என்று கவுன்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு விதியிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்றிருக்கிறது. பாலிசியில் அந்த வரியைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். தனியாரில் முடியாதவர்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒட்டுறுப்புத் துறை இருக்கிறது.

அட்மிஷன் தேதி குறித்தாகிவிட்டதே, இனி எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. கேட்கலாம். பயாப்சி ரிப்போர்ட், மேமோகிராம், ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ஒரு ஒட்டுறுப்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் போதும். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டே போங்கள். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். அதற்காக ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கெட்டுவிடாது.