மேகவெடிப்பு அன்று, முகிலுடைப்பு

அரைமணி நேரம் மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் போதும், 'மேகவெடிப்பா?' என்று செய்தித் தொலைக்காட்சிகளின் சிவப்புப் பட்டையில் ஓடத் தொடங்கிவிடுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அளவும் தவறு, சொல்லும் தவறு.

கிளவுட்பர்ஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த சொல் இது. முகிலை நீர் நிறைந்த பையாகவும், அது கிழிந்து எல்லாம் கொட்டுவதாகவும் எண்ணிய காலத்துப் பெயர். ஜெர்மனிலும் வோல்கன்புருக், அதாவது முகிலின் உடைவு என்றே பெயர். இன்று அதற்கு வரையறை உண்டு. ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்துக்குள் 10 செ.மீ.யோ அதற்கு மேலோ பெய்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்பெயரைத் தரும்.

இதில் 'வெடிப்பு' எங்கிருந்து வந்தது? பர்ஸ்ட் என்றதும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. தமிழில் வெடிப்பவை குண்டு, பட்டாசு, பருத்திக்காய். முகிலில் எதுவும் வெடிப்பதில்லை. மேலெழும் காற்று தாங்கிப் பிடித்திருந்த நீர், காற்று தளர்ந்ததும் மொத்தமாக இறங்குகிறது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உழவரிடம் 'வெடிப்பு' என்று சொல்லிப் பாருங்கள். மழையில்லாமல் பாளம் பாளமாகப் பிளந்த வயல்தான் அவருக்கு நினைவு வரும். பெருமழைக்கு வைத்த பெயர் வறட்சியைக் காட்டலாமா?

ஏரிக்கரை உடைந்து போனால் 'உடைப்பெடுத்தது' என்கிறோம். வெடித்தது என்று யாரும் சொல்வதில்லை. தேங்கிய நீர் தாங்காமல் பாய்வதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் அது. 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்று பாட்டிமார் சொல்வதும் இதே காட்சியைத்தான். ஆகவே முகிலுடைப்பு. மேகவுடைப்பு என்றாலும் எனக்கு மறுப்பில்லை. வெடிப்பு மட்டும் வேண்டாம்.

சொல்லைத் திருத்தினாலும் கண்ட மழைக்கெல்லாம் அதையே ஒட்டுவது நிற்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. சராசரி மணிக்கு 4 செ.மீ. விடாமல் பெய்து ஊரை மூழ்கடித்த அந்த மழையைக் குறிக்க 'அதிகனமழை' என்ற சொல் இருக்கிறது. ஒரு நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினால் அதுதான் பெயர். கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை என மூன்று படிகளும் அளந்து வைத்தவை. அவற்றை விட்டுவிட்டு வெடிப்பைத் தேடி ஓடுகிறார்கள். எத்தனை மணி நேரத்தில் எத்தனை செ.மீ. என்பதை முதலில் சொல்லுங்கள், பெயரைப் பிறகு வைக்கலாம்.