பெர்லின் கலைஞருக்கு முதலாளி யார்?

பெர்லினில் ஒரு வயலின் கலைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்களன்று ஒலிப்பதிவு, வியாழனன்று இரண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு, மாதக் கடைசியில் ஒரு கச்சேரி. மாதச் சம்பளம் கிடையாது. பில் எழுதிக் கொடுத்தால்தான் காசு. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? வயதாகி விரல்கள் ஓய்ந்துபோனால்?

ஜெர்மனியில் சம்பளக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் ஏறக்குறைய பாதியை முதலாளி கட்டுகிறார். பில் போட்டுப் பிழைப்பவருக்கு முதலாளியே இல்லை. அப்படியென்றால் அந்தப் பாதியை யார் கட்டுவது?

1983 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கலைஞர் சமூகக் காப்பீட்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. 1970களில் அங்கே கலைஞர்களின் நிலையை ஆராய்ந்தபோது, பலர் முதுமைக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் இருப்பது தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1981இல் சட்டம் நிறைவேறியது. இதை நடத்தும் அலுவலகத்தைச் சுருக்கமாக கே.எஸ்.கே. என்கிறார்கள். வடகடல் ஓரத்தில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்ற ஊரில் இருக்கிறது. சுமார் 1.9 லட்சம் பேர் இதன் மூலம் காப்பீடு பெறுகிறார்கள்.

கணக்கு இதுதான். மருத்துவம், நீண்டகாலப் பராமரிப்பு, ஓய்வூதியம் ஆகிய மூன்றுக்குமான சந்தாவில் கலைஞர் பாதியைக் கட்டுகிறார். மீதிப் பாதியை, அதாவது முதலாளி கட்டவேண்டிய பங்கை, இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். மொத்தத்தில் 20 சதவீதம் மத்திய அரசு. 30 சதவீதம், கலையைப் பயன்படுத்தித் தொழில் செய்பவர்கள்: பதிப்பகம், நாடக அரங்கு, கச்சேரி ஏற்பாட்டாளர், வானொலி, ஓவியக்கூடம், விளம்பர நிறுவனம், இசைப் பள்ளி எல்லாம் இதில் வரும். சுயதொழில் கலைஞர்களுக்குக் கொடுத்த தொகையைக் கூட்டி, அதில் குறிப்பிட்ட ஒரு விகிதத்தை ஆண்டுதோறும் கே.எஸ்.கே.க்குச் செலுத்த வேண்டும். 2023 முதல் 2025 வரை அது 5 சதவீதம், 2026இல் 4.9.

கலைத்தொழிலில் இல்லாத கடையும் கம்பெனியும்கூடத் தங்கள் விளம்பரத்துக்கோ இணையதளத்துக்கோ சுயதொழில் வடிவமைப்பாளரை அமர்த்தினால் கட்டவேண்டும். அவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆண்டில் கொடுத்த தொகை 2025இல் 700 யூரோ வரை என்றால் விலக்கு இருந்தது. 2026 முதல் இது 1,000 யூரோ. மாணவரின் பெற்றோரைப் போன்ற தனிநபர்கள் கட்டவேண்டியதில்லை.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிறுவனம் கட்டும் தொகை குறிப்பிட்ட ஒரு கலைஞரின் கணக்குக்குப் போவதில்லை, பொதுப் பானைக்குப் போகிறது. பில் கொடுத்தவர் கே.எஸ்.கே. உறுப்பினரா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. சென்னையிலிருந்து ஒரு மிருதங்க வித்துவான் பெர்லினுக்கு வந்து வாசித்துவிட்டுத் திரும்பினாலும், அவருக்குக் கொடுத்த சன்மானத்துக்கும் ஏற்பாட்டாளர் கட்டவேண்டும். உறுப்பினரை அமர்த்தினால் செலவு, மற்றவரை அமர்த்தினால் லாபம் என்ற நிலை வந்திருந்தால் உறுப்பினருக்கு வேலையே கிடைத்திருக்காது. அந்த ஓட்டையை முதலிலேயே அடைத்துவிட்டார்கள். இந்தக் கட்டணத்தைக் கலைஞரின் பில்லிலிருந்து கழித்துக்கொள்ளவும் கூடாது. அப்படி எழுதி வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

நிறுவனங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது உண்மைதான். 1987இல் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது.

சரி, கலைஞர் எவ்வளவு கட்டுவார்? செலவு போக ஆண்டுக்கு 18,000 யூரோ வருமானம் என்று எடுத்துக்கொள்வோம், மாதம் 1,500. ஓய்வூதியச் சந்தா 18.6 சதவீதம், அவர் பங்கு 9.3, அதாவது 139.50 யூரோ. மருத்துவக் காப்பீட்டின் அடிப்படைச் சந்தா 14.6, அவர் பங்கு 7.3, அதாவது 109.50 யூரோ. இதோடு அவர் சேர்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கூடுதல் சந்தாவில் பாதியும், பராமரிப்புக் காப்பீடும் சேரும். கே.எஸ்.கே. தானே காப்பீட்டு நிறுவனம் அல்ல என்பதால், மருத்துவக் காப்பீட்டை எங்கே வைத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். வேலையின்மைக் காப்பீடு இதில் இல்லை. அது பெரிய குறைதான்.

வருமானத்தை முன்கூட்டியே அவரே மதிப்பிட்டுச் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை டிசம்பர் 1க்குள் அனுப்ப வேண்டும். சந்தா குறையட்டும் என்று தொகையைக் குறைத்து எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள். ஓய்வூதியமும் அந்தத் தொகையை வைத்துத்தான் சேரும். உறுப்பினர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்கைக் கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. ஆண்டின் நடுவே வருமானம் கூடினாலோ குறைந்தாலோ மதிப்பீட்டை மாற்றிச் சொல்லலாம்.

எழுத்து, ஓவியம் முதலிய காட்சிக் கலை, இசை, நிகழ்த்துகலை ஆகிய நான்கு துறைகளில் சுயதொழிலாக, நிரந்தரமாக, பிழைப்புக்காக வேலை செய்பவர் சேரலாம். பத்திரிகையாளரும் வடிவமைப்பாளரும் இதில் அடக்கம். கலையைக் கற்பிப்பவர்களையும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஜெர்மனியில் பரதநாட்டியமும் வீணையும் கற்பித்துப் பிழைக்கும் ஈழத் தமிழ் ஆசிரியைகள் இதைக் கவனிக்க வேண்டும். நடனத்தைப் பொழுதுபோக்காகவோ உடற்பயிற்சியாகவோ சொல்லித்தருவது வேறு. மேடைக் கலையாகக் கற்பிப்பதை, அரங்கேற்ற அழைப்பிதழ், பயிற்சிச் சான்றிதழ், நிகழ்ச்சிச் சுவரொட்டி, பில்கள் என்று கையில் இருப்பதையெல்லாம் வைத்துக் காட்ட வேண்டும். ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. சுயதொழில் செய்ய அனுமதிக்கும் குடியிருப்பு உரிமை இருந்தால் போதும்.

ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் வரவேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் இந்த விதி இல்லை. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை வருமானம் குறைந்தால் வெளியேற்றமாட்டார்கள். கலைப் பிழைப்பில் நல்ல ஆண்டும் வறண்ட ஆண்டும் மாறிமாறி வரும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

பெர்லின் நகர அரசு 2025 பட்ஜெட்டில் பண்பாட்டுக்கான நிதியில் சுமார் 13 கோடி யூரோவை வெட்டியது. ஒரு நகரம் கலைக்குப் பணம் ஒதுக்குவது ஆட்சியையும் கஜானாவையும் பொறுத்தது. மானியம் வரும், போகும். காப்பீடு சட்டப்படியான உரிமை. மேடை குறைந்த ஆண்டிலும் வயலின் கலைஞரின் மருத்துவ அட்டை செல்லும்.

விண்ணப்பிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கே.எஸ்.கே.க்குத் தகவல் கொடுத்த நாளுக்கு முன்னால் காப்பீடு தொடங்காது. எத்தனை வருடமாகத் தொழில் செய்திருந்தாலும் பழைய மாதங்கள் கணக்கில் வராது. ஆகவே சான்றிதழெல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிவத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். விடுபட்ட தாள்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.