‘போதும்’ சொல்லும் வால்

மாரி மழையோடு டெங்குவும் வந்துவிட்டால் மட்டக்களப்பில் எஃப்.பி.சி. (முழுக் குருதிக் கல எண்ணிக்கை) ரிப்போர்ட் பார்க்கத் தெரியாத ஆளே இல்லை. எல்லாருடைய கண்ணும் பிளேட்லெட்டில்தான் இருக்கும். அதே தாளில் வெண்குருதிக் கலங்களுக்கும் ஒரு வரி உண்டு. வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலீற்றரில் 4,000 முதல் 11,000 வரை வழமை. டெங்குவில் அது இறங்கி, காய்ச்சல் மாறியதும் தானாக ஏறும். அப்படி ஏறாமல் கிடப்பதற்கும் கட்டுமீறி ஏறுவதற்கும் வேறு காரணங்கள் பல. அபூர்வமாக, ஒரே ஒரு புரதத்தில் வரும் விகாரம், அதாவது மரபணு மாற்றம், இரண்டையும் செய்யும்.

வெண்குருதிக் கலங்களில் பெரும்பங்கு நியூட்ரோபில். பக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடிப்போய் விழுங்குவது இதுதான். ஆயுள் குறைவு, அதனால் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி உருவாக்கியாக வேண்டும். அதற்குக் கட்டளை கொண்டுவருவது ஜி-சி.எஸ்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. மச்சைக் கலத்தின் மென்சவ்வைத் துளைத்து நிற்கும் வாங்கி அதைப் பிடிக்கும்; மேலே சொன்ன புரதம் இதுதான். இரண்டு வாங்கிகள் சோடி சேர்ந்ததும் உள்ளே ஜாக்2 நொதியம் விழித்துக்கொண்டு, கலத்துக்குள் நீண்டிருக்கும் வாங்கியின் வாலில் பொஸ்பேற்றை ஒட்டும். அங்கிருந்து செய்தி கருவுக்குப் போய்ச் சேரும்.

சரி, நிறுத்துவது யார்? அதுவும் வால்தான். அதன் நுனிப்பக்கத்தில் சொக்ஸ்3 என்ற புரதம் வந்து அமர்ந்து சமிக்ஞையை அடக்கும். வாங்கியையே கலத்துக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அந்தப் பக்கம்தான். விகாரத்தால் நுனி வெட்டுப்பட்டால், உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்தபின் மூட முடியாமல் போன மாதிரி, கட்டளை ஓயாது. பிறவியிலேயே நியூட்ரோபில் மிகக் குறைந்த சிலருக்கு இந்த விகாரம் பிற்காலத்தில் மச்சையில் தோன்றுகிறது. லுக்கேமியா என்ற குருதிப் புற்றுநோய் வருவதற்கான எச்சரிக்கையாக வைத்தியர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு விகாரம் மென்சவ்வுக்குச் சற்று வெளியே, வாங்கியின் அமினோ அமிலச் சங்கிலியில் 618ஆம் இடத்தில் வருவது. திரியோனின் இருக்கவேண்டிய இடத்தில் ஐசோலியூசின். ஒரு அமினோ அமிலம்தான் மாறுகிறது, ஆனால் காரணி வராமலே வாங்கி வேலையைத் தொடங்கிவிடும். நாட்பட்ட நியூட்ரோபில் லுக்கேமியா நோயாளிகள் பலரிடம் இது இருப்பது 2013இல் வெளிவந்தது. ஜாக்2ஐத் தடுக்கும் ருக்சொலிட்டினிப் மாத்திரை அவர்களில் சிலருக்குக் கைகொடுக்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த வாங்கிக்கான மரபணுவின் பழுதான பிரதி வந்த பிள்ளைக்கு நிலைமை நேர்மாறு. காரணி வந்தாலும் பிடிக்க ஆளில்லை, நியூட்ரோபில் ஏறாது. மற்றப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கையை உயர்த்தும் ஃபில்கிராஸ்டிம் ஊசியும், ஜி-சி.எஸ்.எஃப்.தான் என்பதால், இங்கே வேலை செய்யாது.